ஆளுக்குப் பாதி

"இது உங்க நெஞ்சுதானா, ஐயா?" என்று டாக்டர் இசக்கிச்செல்வி கேட்டதும் உவைஸுக்குச் சிரிப்பு வந்தது. பாளையங்கோட்டை வரைக்கும் வண்டி பிடித்து வந்து அடுத்தவன் நெஞ்சையா காட்டிவிட்டுப் போகப் போகிறார்?

டாக்டர் சிரிக்கவில்லை. எதிர்ச் சுவரில் உவைஸின் இருதயம் ஆள் உயரத்துக்குத் துடித்துக்கொண்டிருந்தது. துடித்தது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் அசைந்தது. மறுபக்கம், கூட இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று வேலைக்கள்ளன் ஒதுங்கி நிற்பதுபோல் சும்மா கிடந்தது.

"மூணு குழாயும் அடைச்சிருக்கு. சதை பாதிக்கு மேல செத்துட்டு. இப்போ குழாயைத் திறந்தாலும் பிரயோசனமில்ல. மெஷின் நெஞ்சு வைக்கலாம்னா நுரையீரல் தாங்காது. ஒரு நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா நான் வேற மாதிரிப் பேசியிருப்பேன்."

"எதுவரைக்கும் ஓடும்மா?"

"மார்கழி தாண்டுறது கஷ்டம் ஐயா."

சாவு உவைஸுக்குப் புதிய செய்தி இல்லை. அவருடைய வாப்பா நாற்பத்தாறு வயதில் கடைக் கல்லாவிலேயே சாய்ந்தார். மூத்த சகோதரர், அவர் 'காக்கா' என்று கூப்பிட்டவர், முப்பத்தெட்டில் போய்ச் சேர்ந்தார். அடுத்தது தான்தான் என்று வாலிபத்திலிருந்தே மூட்டை கட்டி வைத்திருந்தவர் உவைஸ். அறுபது தாண்டியதே அவருக்கு ஆச்சரியம். அவருக்கு விளங்காதது வேறு ஒன்று. சட்டைப் பித்தானைக் கழற்றிக் காறை எலும்புக்குக் கீழே காட்டினார். தோலுக்கு அடியில் மிளகளவு வெளிச்சம் ஒன்று பச்சையாக எரிந்தது.

"என் மணி பச்சைம்மா. கறியும் நெய்யும் என்னை ஒண்ணும் செய்யாதுன்னு தீர்ப்புச் சொன்ன மணி."

"அதுதான் எனக்கும் குழப்பம்," என்றார் டாக்டர். நாற்காலியை இழுத்து அவருக்கு நேரே போட்டுக்கொண்டார். "ஒரே கறியை ரெண்டு பேர் திங்கிறாங்க ஐயா. ஒருத்தருக்கு அது கரைஞ்சு போயிருது, இன்னொருத்தருக்குக் குழாய்ல போய்ப் படியுது. ஏன்னா பரம்பரை, குடல்ல இருக்கிற கிருமி, தூக்கம், கவலை, எல்லாம் ஆளுக்கு ஆள் வேற. அந்தக் காலத்துல எல்லாருக்கும் ஒரே பத்தியம் எழுதினாங்க. இப்போ அப்படி இல்ல. நீங்க என்ன திங்கிறீங்கன்னு தட்டுல வச்ச கண் சொல்லுது. தின்ன பிறகு ரத்தம் என்ன பாடுபடுதுன்னு மணி சொல்லுது. வருஷக்கணக்கா ரெண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் பச்சை, சிவப்புன்னு நிறம் வருது. உங்களைப் பதினோரு வருஷம் பார்த்திருக்கு. அவ்வளவு கறியைத் தின்னும் உங்க குழாய் கண்ணாடி மாதிரி இருந்திருக்கு. பிறகு இந்த நாலு வருஷத்துல எல்லாம் போச்சு."

"போகும்போது அது ஏன் சத்தம் கொடுக்கல?"

"பச்சைன்னு ஒரு தடவை பேர் வாங்கிட்டா அது உங்களை அடிக்கடி கேட்காது. சிவப்புக்காரங்களைப் பார்க்கவே அதுக்கு நேரம் சரியா இருக்கு. நல்ல பிள்ளைன்னு பேர் எடுத்த பையனை வாத்தியார் திரும்பிப் பார்க்கமாட்டாருல்ல, அந்தக் கதைதான்." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "கறி எங்க சாப்பிடுவீங்க? வீட்டுலயா?"

"பச்சை வர்ற வரைக்கும் வீட்டுல ஏதும்மா? வாப்பா மவுத்தானதுல இருந்து உம்மா அடுப்புல கறி ஏத்தினதில்ல. வந்த பெண்சாதியும் அப்படியே மீனும் காயுமா ஆக்கிப் போட்டே காலத்தை ஓட்டிட்டுப் போயிட்டா. அப்போ எல்லாம் எனக்குக் கறின்னா களரியில மட்டும்தான்."

களரி என்றால் கோரைப்பட்டினத்தில் விருந்து. கல்யாணம், தர்கா கந்தூரி, செத்தவர்களுக்கு ஓதும் பாத்திஹா என்று வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். சம்மணமிட்டு உட்கார்ந்தால் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பெரிய சஹன் வரும். அகலத் தட்டு. அதில் நெய்ச்சோறு, மேலே ஆட்டுக்கறி. இரண்டு பேரும் ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிட வேண்டும். உவைஸ் இதைச் சொல்லச் சொல்ல டாக்டரின் கண் சுருங்கியது.

"ஒரே தட்டா? அப்போ யாரு எவ்வளவு தின்னாங்கன்னு தட்டுக்கு எப்படி ஐயா தெரியும்?"

"ஆளுக்குப் பாதி," என்றார் உவைஸ். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அந்த ஏற்பாட்டை ஊருக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தானே!

*

மணியும் கண் வைத்த தட்டும் ஊருக்கு வந்த வருஷம், கம்பெனிக்காரர்கள் ஜமாஅத் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சஹன் அவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. உலகத்தில் எல்லோரும் தட்டுக்கு ஒருவராகத் தின்னும்போது இந்த ஊர் மட்டும் இப்படி அடம்பிடித்தால் என்ன செய்வது? ஒரு வழி வைத்திருந்தார்கள். சஹனின் விளிம்பில் இன்னொரு கண் வைத்தால் போதும், எந்தக் கை எத்தனை கவளம் எடுக்கிறது, எந்தத் துண்டை எடுக்கிறது என்று அது பார்த்துக்கொள்ளும்.

கேட்டதும் மண்டபத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. ஜமாஅத்தில் அப்போது உவைஸ் செயலாளர். எழுந்து நின்றார்.

"தம்பி, ஒரு சஹன்ல உட்கார்ந்தவன் கூட இருக்கிறவன் கையைப் பார்க்கப்படாது. அவன் எதை எடுக்கான், எத்தனை எடுக்கான்னு எண்ணினா சோத்துல உள்ள பரக்கத்து, அல்லாஹ் தந்த வளம், போயிரும். இது எங்க வாப்பமார் எங்களுக்குக் கத்துக்கொடுத்த மரியாதை. மனுசனே பார்க்கப்படாததை மெஷின் பார்க்கலாமா? ஆளுக்குப் பாதின்னு வச்சுக்கோங்க. கொஞ்சம் கூடக் குறைய இருந்தா அல்லாஹ் பார்த்துக்கிடுவான்."

மண்டபமே "சரிதான், சரிதான்" என்றது. அவர் பக்கத்தில் இருந்த நூஹு மட்டும் பாதி எழுந்து வாயைத் திறந்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான். கால் மரத்துப் போயிருக்கும் என்று உவைஸ் நினைத்துக்கொண்டார். (நூஹுவுக்கும் அறுபதுக்கு மேல் வயது, பேரன் பேத்தி எடுத்தவன்தான். ஆனால் உவைஸுக்கு அவன் என்றைக்கும் 'அவன்'. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.)

ஓதுகிற பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் இருவரும். உவைஸ் துணிக்கடைக்குப் போனார், நூஹு மீன் கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டினான். எந்தக் களரியானாலும் இருவரும் ஒரே சஹன். அதில் நூஹுவுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. நடுவில் கிடக்கும் கறியை முதலில் அவன் கைதான் வளைக்கும். எலும்பு, கொழுப்பு, ஈரல் எதுவும் தப்பாது. உவைஸுக்கு மிஞ்சுவது நெய்ச்சோறும் கத்தரிக்காயும் பெயருக்கு ஒரு துண்டும். கையைப் பார்க்கக் கூடாது என்பது மரியாதை என்றாலும், இப்படி வழித்தெடுத்தால் குருடனுக்கும் தெரிந்துவிடும். 'கறிக்கள்ளன்' என்று ஊரே கேலி பேசியது. அதில் முதல் குரல் உவைஸுடையது. நூஹு சம்பந்தி வீட்டாருக்கு முன்னால்கூட அவர் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். நூஹுவும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

பதினோரு வருஷம் கழித்து நிறம் வந்தது. உவைஸுக்குப் பச்சை, நூஹுவுக்குச் சிவப்பு. "பார்த்தியா, கள்ளனை மெஷினே பிடிச்சிட்டு!" என்று உவைஸ் அன்றைக்கும் சிரித்தார்.

சிவப்பு ஆட்களின் கை சஹன் பக்கம் போனால் மணி கூவும். அதனால் அவர்களுக்குப் பின்வரிசையில் தனித்தட்டு. அவித்த காயும் கஞ்சியும். நூஹு இரண்டு களரிக்கு வந்து அந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். மூன்றாவதுக்கு வரவில்லை. மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வீட்டோடு கிடந்தான். உவைஸுக்குச் சஹனில் புதுக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். யாரும் அவர் பக்கத்துக் கறியில் கை வைக்கவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? அறுபதை நெருங்கும்போதுதான் மனிதருக்குக் கறியின் ருசியே தெரிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்ததெல்லாம் போதும் என்று வீட்டிலும் ஆள் வைத்து ஆக்கச் சொன்னார். காலையில் ஆட்டுக்கால், மதியம் கறி. நூஹு வீட்டுப் பக்கம் போவதும் குறைந்தது. தின்று ஏப்பம் விட்டுக்கொண்டு கஞ்சி குடிப்பவன் முன்னால் போய் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது.

*

"நிறம் வர்றதுக்கு முன்னாடி உங்க கூட யார் சாப்பிடுவாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நூஹு. வேற யாரு?"

"அவருக்கு என்ன நிறம்?"

"சிவப்பு."

"உங்க பங்குலயும் அவர் கை வைப்பாரோ?"

உவைஸ் வாய்விட்டுச் சிரித்தார். கள்ளன் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். டாக்டர் நடுவில் குறுக்கிடவே இல்லை. சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாததைப் பார்த்து உவைஸும் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்போ நீங்க தின்னவே இல்ல, ஐயா," என்றார் டாக்டர் மெதுவாக. "பதினோரு வருஷமும் சஹன்ல இருந்த கறியில பாதி உங்க பேர்ல ஏறியிருக்கு. ஆனா உங்க வயித்துக்குள்ள அது போகல. தின்னாத கறிக்கு ரத்தம் எப்படிக் கெடும்? இவருக்கு எவ்வளவு கறி போட்டாலும் ஒண்ணும் செய்யாதுன்னு மணி நம்பிட்டு. உண்மையில உங்க உடம்பு உங்க வாப்பா உடம்புதான், காக்கா உடம்புதான். கறியே ஆகாத உடம்பு. தின்னாம இருந்ததாலதான் இத்தனை வருஷம் ஓடிச்சு."

உவைஸ் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அவனுக்கு?"

"அவரு ரெண்டு ஆள் கறியைத் தின்னிருக்காரு. அவர் பேர்ல பாதிதான் ஏறியிருக்கு. இந்தக் கொஞ்சக் கறிக்கே ரத்தம் இப்படி ஆகுதேன்னு சிவப்புப் போட்டுட்டு. ரெண்டு ஆள் கறிக்கு அந்த அளவுதான் கெட்டிருக்குன்னா அது நல்ல இரும்பு உடம்பு ஐயா." டாக்டர் ஏதோ நினைவு வந்ததுபோல் நிமிர்ந்தார். "ஊசி போடுறாரா?"

"நாலு வருஷமா. இப்போ கம்பு ஊன்றித்தான் நடக்கான். படி ஏற முடியல. வயசாயிட்டுன்னு சொல்லுதான்."

"வயசு இல்ல. அந்த ஊசி கொழுப்பை அடியோட வழிக்கும். தேவையில்லாத உடம்புல போட்டா சதையை அரிக்கும். முதல்ல கால். பிறகு நெஞ்சு. உடனே நிறுத்தினா திரும்பி வந்துருவாரு. ஆனா சிவப்புக்காரருக்கு ஊசியை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. நான்தான் அள்ளித் தின்னேன்னு அவரே வந்து தன் வாயால சொல்லணும். அப்பதான் நிறத்தை மாத்த முடியும்."

"சொல்லச் சொல்லுதேன்," என்றார் உவைஸ். தான் சாகப்போவதை அந்த நிமிஷம் மறந்தே போனார்.

*

நூஹு வீட்டு வாசலில் இறங்கியபோது அவன் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போயிருந்தான். அவன் பெண்சாதி ஜுவைரியா நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"எத்தனை நாளாச்சு காக்கா இந்தப் பக்கம் வந்து! முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கே?"

"அலைச்சல்மா. ஒரு நல்ல செய்தி கொண்டாந்திருக்கேன். உன் மாப்பிள்ளைக்கு ஊசியும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம். இனிமே களரிக்கு வந்து ஆசை தீரக் கறி திங்கலாம்."

ஜுவைரியா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "அவங்களுக்கு எப்ப காக்கா கறியில ஆசை இருந்துச்சு?"

"அது சரி! ஊருக்கே தெரிஞ்ச கள்ளன்!"

"ஊருக்கு என்ன தெரியும்? நான் இந்த வீட்டுல விளக்கேத்தின நாள்ல இருந்து கறி ஆக்கினதில்ல. அவங்களுக்கு வாடையே ஆகாது. குமட்டும். பிள்ளைங்க கேட்டாக்கூட எங்க உம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் கொடுப்பேன். களரிக்குப் போயிட்டு வந்தா சுக்குத்தண்ணி போடுன்னு சுருண்டு படுத்துருவாங்க. மறுநாள் மதியம் வரைக்கும் பச்சத்தண்ணி இறங்காது. இவ்வளவு பாடுபட்டு ஏன் திங்கணும், ஊரு ஒரு பக்கம் சிரிக்குதேன்னு நான் எத்தனை சண்டை போட்டிருக்கேன்! 'உனக்குத் தெரியாது, சும்மா இரு'ம்பாங்க. அத்தோட சரி."

அவள் தேயிலை போட உள்ளே போய்விட்டாள். உவைஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எப்போது தொடங்கியது? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காக்காவின் நாற்பதாம் நாள் பாத்திஹா. செத்தவர் வீட்டுச் சோற்றை மறுக்கக் கூடாது, இலையில் ஒதுக்குவது போல் சஹனில் கறியை ஒதுக்கவும் கூடாது. விருந்து வைத்தவர் மனசு சங்கடப்படும். உவைஸ் கறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாப்பாவைத் தின்றது, காக்காவைத் தின்றது, இனி தன்னைத் தின்னப்போவது என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றியது. அப்போதுதான் நூஹுவின் கை குறுக்கே வந்து மொத்தக் கறியையும் தன் பக்கம் வளைத்தது. அதற்கு முன்னால் அவன் சஹனில் சோற்றையும் கத்தரிக்காயையும் தவிர எதையும் தொட்டு உவைஸ் பார்த்ததில்லை. அதையும் அவர் மறந்துபோனார், முப்பத்தைந்து வருஷமாகக் கேலி செய்கிற மும்முரத்தில்.

உவைஸுக்கு அழுகை வந்தது. தெருவில் ஆள் போக வர இருந்தது. அழுதார்.

கண்ணைத் துடைத்த பிறகுதான் அடுத்த நினைப்பு வந்து நெஞ்சில் இடித்தது. ஊசியை நிறுத்த நூஹு உண்மையைச் சொல்ல வேண்டும். அவனிடம் காரணத்தைச் சொல்லாமல் எப்படிச் சொல்ல வைப்பது? சொன்னால் அவன் அடுத்த கேள்வி கேட்பான். ஐஸ் வண்டி ஓட்டினவன்தான், ஆனால் மூளையில்லாதவன் இல்லை. அப்போ உனக்குப் பச்சை எப்படி வந்தது என்று கேட்பான். குமட்டக் குமட்ட விழுங்கிக் காப்பாற்றியதுதான் கடைசியில் கூட்டாளியைக் கொன்றது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு அவன் எப்படி மீதி நாளை ஓட்டுவான்? கால் குணமாகி என்ன பிரயோசனம்?

கம்பு தட்டும் சத்தம் தெருமுனையில் கேட்டது.

*

நூஹு மெலிந்து பாதி ஆளாகியிருந்தான். கட்டிலில் உட்காரவே இரண்டு முறை முயன்றான்.

"பாளையங்கோட்டை போனியாமே? என்ன சொன்னா அந்த டாக்டர் பிள்ளை?"

உவைஸ் முதலில் அவன் சேதியைச் சொன்னார். சஹன், ஆளுக்குப் பாதி, இரண்டு ஆள் கறி, ஊசி, கால். நூஹு வெட்கப்பட்டவன்போல் தாடியைத் தடவிக்கொண்டான்.

"தின்னேன்தான். ஊருக்கே தெரியுமே. போய்ச் சொன்னாப் போச்சு." அப்புறம், "உனக்கு என்ன?" என்றான்.

"எனக்கு முடிஞ்சுது. மார்கழி வரைக்கும் ஓடுமாம்."

நூஹு வாசலைப் பார்த்தான். வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். அவன் உதடுகள் கூட்டிக் கழித்துப் பார்ப்பதுபோல் அசைவதை உவைஸ் பார்த்தார்.

"இரு. நான் தின்னதுல பாதியை உன் பேர்ல எழுதிச்சுன்னா… நீ தின்னதா அது நினைச்சுக்கிட்டு… அப்போ உனக்குப் பச்சை கொடுத்தது…"

"நீ என்ன பெரிய இவனா?" என்று உவைஸ் சத்தமாகச் சொன்னார். "நீ அள்ளிட்டா நான் பட்டினியா இருந்தேன்னு நினைச்சியோ? எல்லாத்தையும் நான் வெளியில ஈடுகட்டிக்கிட்டேன். களரி முடிஞ்சதும் நேரா உப்பளத்து ரோட்டுக் கடைக்குத்தான் போவேன். இலையில போட்டுத் தருவான். இலைக்கு ஏது கண்ணு? என் பங்குக்கு மேலேயே தின்னிருக்கேன். பச்சை சரியாத்தான் வந்துச்சு. பிறகு ஆட்டம் போட்டேன், மூணு வேளையும் தின்னேன், கெட்டேன். இதுல உனக்கு என்ன வந்துச்சு?"

நூஹு அவரையே பார்த்தான்.

"எப்ப இருந்து?"

"காக்கா நாற்பதுல இருந்து."

"அன்னைக்குமா?"

"அன்னைக்கும்தான்."

நூஹுவின் முகம் சிவந்தது. "அப்போ நான் யாருக்காகடா அந்தக் கொழுப்பை முழுங்கினேன்? காக்காவைக் குழியில வச்சு நாற்பது நாள் கழிச்சு நீ சஹன் முன்னாடி உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்துட்டுத்தானே கை நீட்டினேன்! வேண்டாம்னு சொன்னா நீ ரோஷப்படுவே, ஊரு உன்னை நோயாளின்னு ஒதுக்கும்னு நானே கள்ளன் பேரை ஏத்துக்கிட்டேன். என் மக சம்பந்தி வீட்டுல நீ சொல்லிச் சிரிக்கும்போது அவ தலையைக் குனிஞ்சா. அன்னைக்கும் நான் வாயைத் திறக்கல. நீ என்னடான்னா கடையில போய்…"

"நான் கேட்டேனா உன்கிட்ட?" என்றார் உவைஸ்.

வாழ்நாளில் அவர் சொன்ன சொற்களிலேயே கொடிய சொல் அதுதான். சொல்லும்போதே நாக்குக் கசந்தது. நூஹு எழுந்தான். முதல் முயற்சியிலேயே எழுந்துவிட்டான். "இனிமே என் வாசல்ல கால் வைக்காதே. உன் மய்யித்தை எடுக்கும்போதும் நான் வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு, தன் வீட்டிலிருந்து தானே வெளியே நடந்தான். கம்பு ஓங்கி ஓங்கித் தரையில் விழுந்தது.

உவைஸ் கண்ணை மூடிக்கொண்டார். கோபக்காரன் செத்துவிடமாட்டான், சோறு தின்பான், தூங்குவான், நாலு பேரிடம் திட்டுவான். நாளைக்கு ரோஷத்துக்காகவே பாளையங்கோட்டைக்குப் போய், நான்தான் தின்னேன் என்று கத்திவிட்டு வருவான். அது போதும். சந்தோஷப்பட வேண்டியவர்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒருவன் கூட்டாளி உயிரைப் பொத்தி வைத்திருந்ததற்கு ஒரு நன்றி சொல்லாமல், அதையும் வீண் என்று அவன் முகத்திலேயே எறிந்துவிட்டு எந்த மனுஷன் சந்தோஷப்படுவான்?

கம்புச் சத்தம் வாசற்படியில் நின்றது. பிறகு திரும்பி வந்தது. இம்முறை மெதுவாக வந்தது.

"எந்தக் கடைன்ன?"

"உப்பளத்து ரோட்டுல… வேலவன் கடை. வளைவு தாண்டினதும்."

நூஹு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அந்தக் கடைக்கு இருபது வருஷம் நான்தான் ஐஸ் போட்டேன், சர்பத்துக்கு. அங்க முட்டைகூடக் கிடையாது உவைஸ்."

உவைஸ் தலையைக் குனிந்துகொண்டார். வெளியில் ஒரு நாளும் கை நனைக்காதவருக்குக் கடைப் பேர் எங்கே தெரியும்? போகிற வழியில் போர்டில் படித்த பேர் அது ஒன்றுதான்.

நூஹு வந்து கட்டிலில் உட்காரவில்லை. உவைஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே சரிந்து உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. உவைஸ் அவன் தலைமேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்க அவருக்குத் தெரியவில்லை. ஜுவைரியா தேயிலைக் கிளாஸ்களோடு வந்தவள், வாசலுக்கு உள்ளேயே நின்று, திரும்பிப் போய்விட்டாள்.

கடைசியில் நூஹு மூக்கைச் சிந்தினான். குனிந்தபடியே பேசினான்.

"அந்தக் கடைக்கு எதுத்தாப்ல ஒரு பரோட்டாக் கடை உண்டு. ராவுத்தர் கடை. அங்கதான் போயிருப்பே. பேரை மாத்திச் சொல்லிட்டே."

உவைஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் மறுபடி நிறைந்தது.

"ஆமா. ராவுத்தர் கடை. மாத்திச் சொல்லிட்டேன்."

"என்ன தின்னே?"

"கறி."

"என்ன கறி?"

"ஆட்டுக்கறிதான். பரோட்டாவும்."

"சால்னா ஊத்தினானா?"

"ஊத்தினான்."

"காரமா இருக்குமே அங்க."

"காரம்தான். கண்ணுல தண்ணி வந்துரும்."

"வயிறு நிறையத் தின்னியா?"

"நிறையத் தின்னேன்டா."

"ஒவ்வொரு களரிக்கு அப்புறமும்?"

"ஒண்ணு விடாம."

நூஹு தலையை ஆட்டினான். "நாளைக்குப் பாளையங்கோட்டை போயிட்டு வாறேன். வந்து உன் வீட்டுலதான் இருப்பேன், மார்கழி வரைக்கும்," என்றான். பிறகு, "இன்னும் சொல்லு," என்றான்.

உவைஸ் தான் நுழைந்தே பார்க்காத கடையில் தான் தின்னாத கறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பெஞ்சு எங்கே கிடக்கும், அடுப்பு எந்தப் பக்கம் என்றெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. அவர் தடுமாறிய இடத்திலெல்லாம் நூஹு எடுத்துக்கொடுத்தான்.